ஒன்றிலிருந்து தொடங்கிய எண்கள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘இன்னொருதடவை’ என்று பட்டப்பெயர். எதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார அவளால் முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். “ஒருநாள் பூட்டு உன் கையோட வந்துடப் போகுது” என்பான் கணவன்.

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே ஒவ்வொரு மென்பொருள் சேவையும் ஒரு கன்டெய்னருக்குள் ஓடும். கணினிக்குள் இருக்கும் குட்டிக் கணினி என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புவார்கள். உள்ளே இருந்ததெல்லாம் அதோடு போய்விடும். எந்தச் சேவை முதலில் கிளம்ப வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்ற குறிப்புகளை முன்பிருந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றைப் பொறுக்கி ஒரே இடத்தில் அடுக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

அடுக்கி முடித்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு வார்டிலிருந்து நர்ஸ் பேசினாள்.

“ஏங்க, டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு வாரமான ஆள் பேர்ல இன்னைக்கு ரிசல்ட் வந்திருக்கே?”

அவள் அன்றைய எண் வரிசையைத் திரையில் எடுத்தாள். மாதம் பிறந்ததும் ஒன்றில் தொடங்கி ரத்தக் குப்பிகளுக்கு வரிசையாக எண் போடும் சேவை, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடராமல் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. கன்டெய்னருக்கு வெளியே பழைய எண்களை வைத்திருக்கும் சேமிப்பு திறக்கும்வரை அது காத்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் ஒற்றை வரியை அவள் புது இடத்துக்கு மாற்ற மறந்திருந்தாள். நாற்பத்தொரு பேரின் முடிவுகள், மாதத் தொடக்கத்தில் வந்துபோன வேறு நாற்பத்தொரு பேரின் பெயரில் ஏறியிருந்தன.

சேமிப்பு இப்போது திறந்திருந்ததால், கன்டெய்னரை அழித்து மீண்டும் எழுப்பினால் எண்கள் சரியாகிவிடும். தப்பு யாருடையது என்ற தடயமும் இருக்காது. விரல் விசைப்பலகை வரை போய்விட்டது. ஆனால் எந்த எண்ணை எந்தப் படுக்கைக்குக் கொடுத்தோம் என்ற பதிவும் அதற்குள்தான் இருந்தது. அது போனால் குப்பிக்கு ஆள் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதிவை வெளியே நகலெடுத்தாள். நகலைத் திறந்து பார்த்தாள். பிறகு கூடத்தின் தலைமை டாக்டரிடம் ஓடினாள்.

“மேடம், எல்லாத்தையும் நிறுத்துங்க. ரிசல்ட் ஆள் மாறிப் போகுது. என் தப்புதான்.”

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. “தப்பை அப்புறம் பேசலாம். லிஸ்ட் குடு” என்றாள்.

இருவரும் வரிசையாக ஒப்பிட்டார்கள். பதினேழாம் எண்ணில் டாக்டரின் பேனா நின்றது. பொட்டாசியம், இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு. ரத்தம் மூன்றாம் மாடியில் படுத்திருந்த ஓர் அம்மாவுடையது. ‘உடனே வரவும்’ என்ற செய்தி போனதோ, என்றோ குணமாகி வீட்டுக்குப் போன ஒரு பெரியவருக்கு. டாக்டர் போனை எடுத்து மூன்றாம் மாடியைக் கூப்பிட்டாள். மறுமுனை எடுக்கும்வரை அடித்த ஐந்து மணியும் பக்கத்தில் நின்றவள் நெஞ்சுக்குள் அடித்தன.

நண்பகலில் பெரியவர் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவளே போய் எதிரில் நின்றாள்.

“ஐயா, அது உங்க ரிசல்ட் இல்ல. நான் பண்ண தப்பு. மன்னிச்சுடுங்க.”

“ஏம்மா, வழியெல்லாம் எங்கப்பா, தான் போனப்புறம் எப்படி இருக்கணும்னு எனக்குப் புத்தி சொல்லிட்டே வந்தாரு, தெரியுமா?” என்று மகள் வெடித்தாள்.

பெரியவர் மகளை அமர்த்தினார். “அப்ப அது யாருக்கு?”

“மூணாவது மாடியில ஒருத்தங்களுக்கு. இப்ப மருந்து ஏறிட்டிருக்கு.”

“பொழைச்சுக்குவாங்களா?”

“தெரியலைங்க” என்றாள்.

காத்திருக்கச் சொல்லும் வரியை அன்றே சேர்த்தாள். நடந்ததைத் தன் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது; வேலை தப்பியது. மூன்றாம் மாடிக்கு மட்டும் தினமும் போன் செய்து, பிரின்டர் ஓடுகிறதா என்று கேட்கிற சாக்கில் அந்தப் படுக்கையை விசாரித்தாள்.

ஐந்தாம் நாள் நர்ஸ் சொன்னாள்: “பிரின்டர் நல்லாத்தான் ஓடுது. அந்தம்மா காலையில வீட்டுக்குப் போயிட்டாங்க.”