லண்டனில் வில்லெடுத்த அம்மாவும் ஆம்பூர்க் கணக்குப்பிள்ளையும்

தோழிகளே, இன்று ஆம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை.

எதிரில் ஒரு தோல் கிடங்குக் கணக்குப்பிள்ளை. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் வராததால் வேலையே நின்றுவிட்டது என்று புலம்பிக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தார்.

இந்த 1908-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், பெண்களுக்கான வில்வித்தையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி முதலிடம் பெற்றிருக்கிறார். அந்தச் செய்தியைப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆம்பள ஒருத்தனும் போட்டியில நிக்கல. அதான் இந்தம்மா ஜெயிச்சிட்டாங்க. இதெல்லாம் இன்னா பெரிய ஜெயிப்பு?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, ஆம்பளைங்க வில்லுப் போட்டியில பொம்பள ஒருத்தியும் நிக்கலியே. அப்போ அதுல ஜெயிச்சவரு மட்டும் எப்படி ஜெயிச்சாரு?"

பெட்டியில் யாரோ இருமினார்கள். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா வேலை செய்றாரு?"

காட்பாடி வரும்வரை யோசித்தும் எனக்குப் புரியவில்லை. நான் கேட்டது வில்வித்தையைப் பற்றி. அதில் என் வீட்டுக்காரர் எங்கே வந்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் வில்லைத் தொட்டதுகூட இல்லை.