நீரோ ஊரில் இல்லை

கலைவிழா அன்று வெரிபீ என்ற ஊர் மண்டபத்துக் குசினிக்குள் நின்றவர்கள் நான்கு பேர்: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், அவருடைய மனைவி, அப்போதுதான் நடனம் ஆடி முடித்த அவர்களுடைய மகள், வடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு அன்ரி. ஐந்தாவது ஆள் கிடையாது. நான் அங்கே இல்லை.

இதை இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது. அன்றிலிருந்து சங்கத்தில் எனக்குப் பெயர் நீரோ.

பிள்ளை நன்றாக ஆடினாள். சனம் கண் வைத்துவிடும் என்று தாய் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் நாவூறு கழித்திருக்கிறார். செத்தல் மிளகாயையும் உப்பையும் தலையைச் சுற்றி எடுத்து காஸ் அடுப்பு நெருப்பிலே போட்டாயிற்று. ஊரில் அதை முற்றத்தில் செய்வோம். இங்கே கூரையில் புகையை மணந்து பிடிக்கும் கருவி இருக்கிறது. அது அலறியது. மண்டபம் முழுவதும் இருமிக்கொண்டு மழைக்குள் ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது.

அந்த நேரம் நான் வீட்டில். அடுத்த பாட்டுக்குச் சுருதிப்பெட்டி வேண்டும், ஓடிப்போய் எடுத்துவாருங்கோ என்று என்னை அனுப்பியதே தலைவர்தான். மண்டபத்தை விட்டுப் புறப்படும் முன் குசினி அடுப்பை மூன்று தரம் பார்த்தேன். எனக்கு அது வியாதி. வேலைக்குப் போகிற வழியில் ரயிலை விட்டு இறங்கித் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்கிறவன் நான். வீட்டில் சுருதிப்பெட்டியை எடுத்து, பற்றரி இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். நிறுத்தினால் திரும்ப வேலை செய்யாதோ என்ற பயத்தில் நிறுத்தவே இல்லை. கார் பார்க்கில், நனைந்து நின்ற சனத்துக்கும் சிவப்பு வண்டிக்கும் நடுவில், ரீங்காரமிடும் பெட்டியோடு போய் நின்றேன்.

“ரோம் எரியேக்க நீரோ பிடில் வாசிச்சவனாம்,” என்றார் தலைவர். “எங்கட ஆள் சுருதி பிடிக்கிறார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

மண்டப வாடகை என் பெயரில்தான் பதிவாகியிருந்தது. சேதம் வந்தால் பிடித்துக்கொள்ளும் பொண்ட் காசு தொள்ளாயிரம் டொலரையும் என் கார்டில் கட்டியிருந்தேன். வண்டி வந்த செலவுக்கென்று மண்டபக்காரர் அத்தனையையும் பிடித்துக்கொண்டார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த மாதக் கூட்டக் குறிப்பில் ‘பொறுப்பாளரின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி இருந்தது. பொறுப்பாளர் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, படகில் வந்து, பல வருடம் தற்காலிக விசாவில் கிடந்தவனுக்குத் தாளில் எழுதிய குற்றம் என்றால் நித்திரை வராது. இப்போது நிரந்தர விசா இருக்கிறது. நித்திரைக்கு அது தெரியாது.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பழைய ரோமைப் படிக்கிறாள். நீரோ உண்மையிலேயே வாசித்தவனா என்று அவளிடம் கேட்டேன்.

“நோ, அப்பா,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஹீ வோஸ்ன்ற் ஈவன் தெயர்.”

நெருப்புப் பிடித்தபோது அவன் அங்கேயே இல்லையாம், கடலோரத்தில் வேறொரு ஊரில் இருந்தானாம். பிடில் என்ற வாத்தியமே அந்தக் காலத்தில் இல்லையாம். கேள்விப்பட்டுத் திரும்பி வந்தவன், வீடிழந்த சனத்துக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டிருக்கிறான். நகரம் எரியும்போது பாடினான் என்பதை ஒருவர் வதந்தி என்றுதான் எழுதினாராம். மற்றவர்கள் நடந்தது என்றே எழுதிவிட்டார்கள். குறிப்பு எழுதுகிறவனின் கையில்தானே எல்லாம் இருக்கிறது.

அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்ற தாயைக் கொல்வித்தவன். நெருப்புப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவர்களை வதைத்தவன். எரிந்த நிலத்தில் தனக்கு மாளிகை கட்டியவன். அதற்கெல்லாம் அவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். செய்த பாவம் அவ்வளவு கிடக்க, வாசிக்காத பிடிலை ஏன் அவன் கையில் கொடுக்கிறீர்கள்?

பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினேன். அந்த வரியை வெட்டச் சொன்னேன்.

“தம்பி, பகிடியைப் பெரிசாக்காதேங்கோ,” என்றார் தலைவர்.

“பகிடி எண்டால் குறிப்பில ஏன் எழுதினீங்கள், அண்ணை?”

பிறகு குசினியில் நின்ற நான்கு பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். மிளகாயையும் சொன்னேன். தலைவரின் மனைவி கைப்பைக்குள் எதையோ தேடினார். கடைசி வரிசையில் இருந்து வடை சுட்ட அன்ரி எழும்பினார்.

“ஓம், அவர் அங்க இல்லை. மிளகாய் போடேக்க நான் பக்கத்தில நிண்டனான்.”

அந்த வரியை வெட்டினார்கள். வெட்டிய பிரதியை வாங்காமல் நான் வீட்டுக்குப் போகவில்லை. என் பொண்ட் காசைச் சங்கமே தருவதென்றும் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

பட்டப்பெயர் போகவில்லை. போகவும் வேண்டாம். நீரோ என்று கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்: ஓம், நெருப்புப் பிடிக்கேக்க ஊரில் இல்லாத அதே ஆள்தான். தலைவரைக் காணும் இடமெல்லாம், கோயில் வாசல் என்றாலும், காசைக் கேட்கிறேன். வெட்கம் எனக்கில்லை. இதுவரை வந்தது முந்நூறு. சங்கம் எனக்குத் தரவேண்டிய பாக்கி அறுநூறு டொலர்.