பாத்தியில் கிடந்த பொரி

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது கத்தரிப் பாத்தியில் கிடந்த பொரி. வாடிய சாமந்திக்கும் ரோஜா இதழ்களுக்கும் நடுவே, வெள்ளையாக ஏழெட்டு. அதன்மேல் என் வெறுங்கால் இருந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. பிரசவத்துக்கு வந்த அம்மாவோடு மாமா வீட்டில் இருந்தேன். மலையை ஒட்டிய வேங்கிக்கால் ஊரைத் தாண்டி, மின்கம்பம் எட்டாத இடத்தில் அந்த வீடும் தோட்டமும். சோலார் மோட்டார் வெயில் ஏறினால்தான் ஓடும். வரும் தண்ணீரும் கொஞ்சம். ஈரம் காயாமலிருக்க மாமா பாத்திகளில் வைக்கோல், சருகு, வேர்க்கடலைத் தோல் என்று கிடைத்ததைப் பரப்பி மண்ணை மூடிவிடுவார். அதற்கு மூடாக்கு என்று பெயர். முந்தின நாள் டவுனிலிருந்து இரண்டு மூட்டை கழிவுப் பூ கொண்டுவந்து பரப்பினார். அன்று மாலையே அம்மாவுக்கு வலி எடுத்தது. அத்தை ஆஸ்பத்திரிக்கு உடன் போனார். விடியும்வரை தகவல் இல்லை.

பூவும் பொரியும் சேர்ந்து கிடந்து நான் பார்த்தது பிணம் போன தெருவில்தான். மிதிக்கக் கூடாது என்று என்னைத் தூக்கிக்கொண்டு தாண்டியவர் அம்மா. மிதித்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை அந்தக் காலையில் நானே முடிவு செய்தேன். செடிக்கு ஊற்றத் தொட்டியில் மொண்டு வந்த வாளி கையிலிருந்து நழுவியது.

“இன்னா பாப்பா, காலுக்கு ஆணி அடிச்சிட்டாங்களா?” மாமா குடத்தோடு வந்தார். “மூடாக்கு கீதுல்ல, கம்மியா ஊத்தினா போதும்.”

பொரியைக் காட்டினேன். “சாவுப் பூவா மாமா? மிதிச்சிட்டேன். அம்மா செத்துடுவாங்களா?”

மாமா பாத்தியைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

“யாரு சொன்னது? மலை மேல தீபம் ஏத்துனாங்கள்ல, அந்தப் பொரி. சாமிக்குப் படைச்சது.”

ஒன்றை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, வாயில் போட்டு மென்றார்.

“நமுத்துப் போச்சு” என்றார்.

சாவுப் பொரியை யாரும் தின்னமாட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டேன். மாமா தொட்டிக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல், தலைக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டார். புழுக்கம் என்றார். அந்தத் தோட்டத்தில் அவர் தண்ணீரை அப்படிச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

எட்டே முக்காலுக்கு அத்தை போன் செய்தார். தம்பி பிறந்திருந்தான். அம்மா நன்றாக இருந்தார்.

மலையில் தீபம் ஏற்றுவது கார்த்திகையில். தம்பி பிறந்தது சித்திரையில்.