இரண்டாவது பொட்டலம்

என் கணவருக்கு ஜுரம் முற்றியபோது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று இவருக்குப் பயம்.

"பூ கட்டிப் பார்ப்போம். சிவப்பு வந்தா போறேன், வெள்ளை வந்தா ஆத்துலயே இருக்கேன்" என்று, படுத்தபடியே இரண்டு இலைப் பொட்டலங்கள் கட்டித் தந்தார்.

கற்பகாம்பாள் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

"வேண்டாம்ப்பா, அம்பாள் உத்தரவு ஆயிடுத்து" என்று வாசலில் நின்ற ஜட்காவைத் திருப்பி அனுப்பினேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து பூஜை அலமாரியைத் துடைத்தபோது மற்றப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தேன். அதிலும் வெள்ளை நந்தியாவட்டைதான்.

அம்பாளிடம் இன்றும் வேண்டிக்கொள்கிறேன், பதில் கேட்பதில்லை. போன மாதம் மகளுக்கு ஜுரம் கண்டதும் ஜட்காவில் ஏறினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வண்டியிலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.