நீதிமன்ற வாசலில் தூக்கிய கைகள்

டொரொன்டோவிலிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். நீதிமன்றம் மட்டும் சின்னதல்ல: சுண்ணாம்புக்கல் தூண்கள், உச்சியில் செம்புக் கோபுரம், பின்னால் அதே கல்லில் கட்டிய பழைய சிறை. யோகன் அண்ணைக்கு இங்கே ஓவர்ஸ்பீட் வழக்கு. கனடாவுக்கு வந்து மூன்றே மாதமான நான் துணைக்கு வந்திருக்கிறேன்.

வாசலுக்குள் சீருடையோடு ஒரு கிழவர் நிற்கிறார். அவரைக் கண்டதும் என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போகின்றன. கொழும்புச் சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள்.

அவர் என்னைத் தடவிப் பார்க்கவில்லை. கைகள் போன திசையில் அண்ணாந்து பார்க்கிறார். முகம் மலர்கிறது.

"அழகான கூரை, இல்லையா?" என்கிறார் ஆங்கிலத்தில். "முதல்முறை வருகிறவர்கள் அசந்துதான் போவார்கள். இந்தக் கட்டடமே இந்த ஊர் விவசாயிகள் குதிரை வண்டியில் கல் ஏற்றிவந்து கட்டியது."

"கையை இறக்கும் தம்பி," என்று யோகன் அண்ணை கிசுகிசுக்கிறார். "இஞ்ச ஒருத்தரும் செக் பண்ணமாட்டினம்."

அப்போதுதான் நானும் மேலே பார்க்கிறேன். மரத்தில் செதுக்கிய கோதுமைக் கதிர்கள் கூரை முழுக்க வளைந்து ஓடுகின்றன. கையை இறக்க மனம் வரவில்லை. கிழவர் ஒவ்வொரு கதிராகக் காட்டத் தொடங்குகிறார். இப்போது சீருடைக்காரரின் கையும் மேலே நிற்கிறது.