கண்ணை மூடாமல் விழுவது

ஆயுத பூஜையன்று எங்கள் ஷூ கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் என்னை மேடையேற்றுவார்கள். தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் என்பது பிழைப்புக்கு. சினிமா காமெடி மாதிரி நடித்துக் காட்டுவதுதான் ஆம்பூரில் எனக்கிருக்கும் மரியாதை. போன தடவை அரசியல்வாதி வேடம் போடுவதாக இருந்தது: தலைவரின் கார் டயரைக் கண்டாலே தரையில் விழுகிற ஆள். வீட்டுக் கூடத்தில் விழுந்து விழுந்து பழகினேன். முட்டி வீங்கியது. மனைவி தைலம் கொடுத்தாள், அபிப்பிராயம் கொடுக்கவில்லை.

மேடையில் துண்டை உதறித் தோளில் போட்டேன். அதே மாதிரித் துண்டோடு எங்கள் ஏரியா கவுன்சிலர் முன்வரிசைக்கு வந்தார். முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் ஒரு போன் போட்டால் என் வேலை போய்விடும். மனசு உடனே முழுநீளப் படம் ஓட்டியது. இடைவேளைக்கு முன்பே நான் குடும்பத்தோடு காட்பாடி ஜங்ஷனில் பெட்டியும் கையுமாக நின்றேன்.

அரசியல்வாதி வேண்டாம் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். படத்தில் வருகிற பாய் மாதிரி தமிழைக் கடித்துத் துப்பலாம் என்று வாயைத் திறந்தால், இரண்டாவது வரிசையில் என் தோஸ்த். மெஷின் மெக்கானிக். என்னைவிட நல்ல தமிழ் பேசுகிற பாய். வடக்கத்தி ஆளாக மாறலாமென்றால், அவனுக்குப் பின்னால் பீகார் பையன்கள், புதுச் சட்டையில். கிண்டலடித்தால் யாரும் சண்டைக்கு வராத ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்தது. டார்கெட் முடியாத நாளில் மேனேஜருக்குப் பயந்து டாய்லெட்டில் ஒளிகிற வழுக்கைத் தலை சூப்பர்வைசராக நடித்தேன். வியர்வைக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. நன்றாகவே சிரித்தார்கள்.

இறங்கியதும் கவுன்சிலர் கூப்பிட்டார். அரசியல்வாதி வேடம் என்று சொன்னதால்தான் வந்தாராம், அதை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்டார். முட்டி வலி என்றேன். அவர் விடவில்லை. குடோனில், அடுக்கிய தோலுக்குப் பக்கத்தில், அவர் ஒருவருக்காக விழுந்து காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எல்லாம் சரிங்க. கண்ணத்தான் மூடிட்டீங்க. விழும்போது யார் யார் பாக்கறாங்கன்னு பாத்துக்கணும்."

வேலை தப்பித்தது. அந்த நிம்மதியில் கேட்டுக்கு வெளியே டீ குடித்தபடி தோஸ்திடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவனுக்குப் புரையேறியது. எனக்கும் வாய் நீண்டது.

"கவுன்சிலரே இப்படிச் சிரிப்பாருன்னு தெரிஞ்சிருந்தா பாய் வேஷமும் போட்டிருப்பேன்டா. நீயும் சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்," என்றான். "எல்லாரும் திரும்பி என்னத்தான பாப்பாங்க. சிரிக்காம இன்னா பண்றது?"

சாதாரணமாகத்தான் சொன்னான். கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போனான். துண்டு இன்னும் என் இடுப்பிலேயே இருந்தது. அவிழ்த்து மடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.