ஜெர்மனிக்குப் போன கொசுறு

போன செவ்வாய்க்கிழமை, காலைக் காபி ஆறுவதற்குள் எதிர்வீட்டுச் செல்வி போனும் கையுமாக ஓடி வந்தார்.

“அண்ணா, ஜெர்மனில சரக்க நிறுத்தி வச்சிட்டாங்க!”

செங்கம் ரோட்டில் தியான மெத்தை தைக்கும் சின்ன யூனிட் செல்வியுடையது. கூட ஆறு பெண்கள். இங்கே ஆசிரமத்தில் வந்து தங்கிப்போன ஒரு ஜெர்மன்காரர், தன் ஊர்க் கடைக்கு இருநூறு மெத்தை ஆர்டர் கொடுத்திருந்தார். முதல் ஏற்றுமதி. இது திரும்பி வந்தால் அடுத்த ஆர்டர் அவ்வளவுதான்... யூனிட்டும் அவ்வளவுதான்.

அப்படி என்ன தப்பு? கிழிசலா, சாயம் போனதா?

“ஒண்ணு ஜாஸ்தி இருக்குதாம்ண்ணா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாஸ்தி கொடுத்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா?

வருவார்கள் – கம்ப்யூட்டராக இருந்தால்! ஆர்டர், பில், பேக்கிங் லிஸ்ட் எதுவும் இப்போது காகிதத்தில் போவதில்லை. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஒரே மாதிரிப் படிவம். நம் கம்ப்யூட்டர் அனுப்பும், அவர்கள் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். நடுவில் மனுஷனுக்கு வேலை இல்லை. லிஸ்டில் இருநூறு, அவர்கள் குடோனில் எண்ணினால் இருநூற்று ஒன்று. கம்ப்யூட்டர் சரக்கை ஓரங்கட்டிவிட்டது.

“எப்படிம்மா ஒண்ணு கூடிச்சு?”

“நான்தான் வச்சேன். கொசுறு! முதல் வியாபாரம்... எண்ணி அப்படியே குடுத்தா நல்லாவாண்ணா இருக்கும்?”

“தெரியாம வந்துடுச்சுனு ஒரு மன்னிப்பு கேட்டுடேன்.”

“ஆசையா குடுத்ததுக்கு மன்னிப்பா? மாட்டேன்!” கண் கலங்கியிருந்தது. பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. உலக வியாபாரத்துக்கு இத்தனை கட்டம் போட்ட மகராசர்கள், ஆசையாகக் கொடுப்பதற்கு ஒரு கட்டம் போடக்கூடாதா?

லிஸ்ட் அனுப்பும் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். “திருத்தின லிஸ்ட் அனுப்பலாம் மேடம். ரெண்டாவது வரி சேர்த்து, விலை சைபர்னு போடுங்க” என்றார் அங்கிருந்த பெண். சரி, பொருளின் பெயர்? செல்வி யோசிக்கவேயில்லை. ஆங்கில எழுத்தில் ‘கொசுறு’ என்று தட்டி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சரக்கை விட்டுவிட்டார்கள். அப்பாடா!

நேற்று புது ஆர்டர். பழைய லிஸ்டைப் பார்த்து அவர்கள் கம்ப்யூட்டரே போட்டது. செல்வி என்னை யூனிட்டுக்கே கூப்பிட்டுக் காட்டினார். முதல் வரி – மெத்தை, முந்நூறு. இரண்டாவது வரி – கொசுறு, ஒன்று, விலை சைபர்.

“பாத்தீங்களாண்ணா, இப்போ அதுவே வாய்விட்டுக் கேக்குது!” செல்வி சிரித்த சிரிப்பில் ஆறு தையல் மெஷினும் நின்றுவிட்டன.

கம்ப்யூட்டர் கொசுறு கேட்கப் பழகிவிட்டது... பேரம் பேசவும் பழகிவிடாமல் அண்ணாமலையார்தான் காப்பாற்ற வேண்டும்!